சேலம் காடுகளில் வேட்டைத் துப்பாக்கிகள்: பெயரும் தரமும் அனுபவ அறிவும்

சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றியுள்ள மலைக்காடுகள் பிரித்தானியர் ஆட்சிக்காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் இருபத்தைந்து ஆண்டுகளிலும் தென்னிந்தியாவின் முக்கியமான வேட்டைக் களங்களாக இருந்தன. இக்காடுகளில் இலண்டன், பர்மிங்காம், அமெரிக்கா ஆகிய இடங்களில் செய்யப்பட்ட ரைபிள்களும், உள்ளூர்க் கொல்லர் செய்த நாட்டுத் துப்பாக்கிகளும் ஒரே காலத்தில் புழங்கின. ஒரு துப்பாக்கியின் தரத்தை எப்படி அறிவது, செய்த நிறுவனத்தின் பெயரை எந்த அளவுக்கு நம்புவது, அனுபவசாலிகளின் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்விகள் இங்கு உயிரோடு தொடர்புடையவை. தவறான துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டு ஒரு புலியைக் கொல்லாமல் காயப்படுத்தினால், அதன் விலையைப் பெரும்பாலும் செலுத்தியவர்கள் காட்டோரக் கிராம மக்கள்.

நிலப்பரப்பு

1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் பாரமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் இப்பகுதியின் முதல் நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். அவரிடம் உதவியாளராக இருந்தவர்களுள் பின்னாளில் மதராஸ் ஆளுநரான தாமஸ் மன்றோவும் ஒருவர்.

பழைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. தெற்கே நாமக்கல் சமவெளியும் கொல்லிமலையும், நடுவே சேர்வராயன் மலையும், கிழக்கே கல்வராயன் மலையும், வடக்கே தொப்பூர்க் கணவாயைத் தாண்டிப் பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகளும் அதில் அடங்கின. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டமும், 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் மாவட்டமும் தனித்தனியே இயங்கத் தொடங்கின. தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. எனவே பழைய வேட்டை நூல்களில் 'சேலம் மாவட்டம்' என்று வரும் இடங்களில் பல இன்று வேறு மாவட்டங்களில் உள்ளன.

இரும்பின் தரம் அறிந்த மண்

துப்பாக்கி வருவதற்கு முன்பே இப்பகுதி மக்களுக்கு உலோகத்தின் தரம் பார்க்கும் பழக்கம் இருந்தது. சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலை இரும்புத்தாதுவுக்குப் பெயர்பெற்றது. கிராமத்து உலைகளில் உருக்கிய இரும்பைச் சிறு மண்குகைகளில் இட்டு, உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்த்து, எருக்க இலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து மீண்டும் சூடேற்றி எஃகாக்கினர். கம்பெனியின் அலுவலராக இருந்து பின்னர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் இம்முறையை விரிவாகப் பதிவு செய்தார்.

ஹீத்தின் குறிப்பில் ஒரு செய்தி கவனத்துக்குரியது. குகையை உடைத்து எடுத்த எஃகுக் கட்டியின் மேற்பரப்பைப் பார்த்தே கொல்லர் தரத்தை முடிவு செய்தார். நடுவிலிருந்து கதிர்போல் விரியும் கோடுகள் துளையின்றி, மேடின்றி அமைந்திருந்தால் உருக்கு நன்கு உருகியிருக்கிறது என்று பொருள். தேன்கூடு போலத் துளைகள் தெரிந்தால் உருக்கு முழுமையடையவில்லை. சராசரியாக ஐந்து கட்டிகளில் நான்கில் ஏதேனும் குறை இருந்ததாக அவர் எழுதினார்.

இதே இந்திய எஃகை இலண்டனின் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் தாம் கண்டவற்றுள் சிறந்தது என்று தம் வாடிக்கையாளர்களுக்கு விளம்பரம் செய்தார். அங்கே 'ஊட்ஸ்' என்ற பெயர் தரத்துக்கு அடையாளமாக விற்றது. செய்த இடத்திலோ ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியே புரட்டிப் பார்த்தே ஏற்றுக்கொண்டனர். ஒரு பொருளின் பெயருக்கும் கையிலிருக்கும் அந்த ஒரு பொருளின் தரத்துக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு, பின்னர் துப்பாக்கியிலும் அப்படியே தொடர்ந்தது.

நாட்டுத் துப்பாக்கி

மலைக்கிராமங்களில் பயன்பட்டது வாய்வழி கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. குழலின் வாய் வழியே வெடிமருந்தைப் போட்டு, நார் அல்லது துணியை வைத்து இறுக்கி, அதன்மேல் ரவையையோ ஈயக்குண்டையோ இட்டுக் கெட்டிப்பார்கள். ஒருமுறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் பிடிக்கும். மழையில் மருந்து நமுத்துவிடும். குழலின் உட்புறத்தில் சுருள்வரி கிடையாது. ஆகவே குண்டு சுழலாமல் செல்லும், தொலைவு கூடக்கூடக் குறி சிதறும். காட்டுப்பன்றியை விரட்டவும் சிறு வேட்டைக்கும் இது போதுமானதாக இருந்தது. புலியையோ யானையையோ நிறுத்தும் ஆற்றல் இதற்கு இல்லை.

இத்தகைய துப்பாக்கிக்கு நிறுவனப் பெயர் எதுவும் இல்லை. செய்த கொல்லரின் பெயரும், எத்தனை ஆண்டு வெடிக்காமல் தாங்கியது என்ற ஊர்ப்பேச்சுமே அதற்குச் சான்று. 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியர் பலருக்கு விலக்கு அளித்த இச்சட்டத்தை இந்திய தேசிய காங்கிரஸ் தன் தொடக்க ஆண்டுகளிலேயே எதிர்த்தது. சட்டத்தின் விளைவு இரண்டு வகையானது. நல்ல ரைபிள் வசதியும் செல்வாக்கும் உடையவரிடம் சேர்ந்தது. காட்டைப் பயிரிலிருந்து விலக்கி வைக்க வேண்டியிருந்த மலைவாசியிடம் பழைய நாட்டுத் துப்பாக்கியே, அதுவும் பலநேரம் மறைவாக, நின்றுபோனது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மலைப்பகுதிகளில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறை இன்றும் அவ்வப்போது கேட்டுக்கொள்வது இந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

பெயர்பெற்ற ரைபிள்களும் அவற்றை வடிவமைத்த வெயிலும்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட ஆசிய வேட்டைக்காரர் பலர் வரியற்ற குழல் துப்பாக்கிகளையே நம்பினர். இலங்கையின் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இதற்கு மாறாகக் கனமான ரைபிளை வலியுறுத்தினார். பிரிஸ்டல் நகரின் ஜார்ஜ் கிப்ஸ் என்பவரிடம் 1840-இல் அவர் செய்வித்த ரைபிள் 21 பவுண்டு எடை கொண்டது. வழக்கத்தைவிடப் பல மடங்கு மருந்து கெட்டிக்கும்படி அது அமைந்திருந்தது. சக வேட்டைக்காரர்களின் பொதுக்கருத்தை விட்டு விலகிச் செய்த சோதனை அது. பின்னர் ஐரோப்பியர் பலரும் யானை வேட்டைக்கு ரைபிளை நாடினர்.

1890-களில் புகையில்லா மருந்து வந்ததும் புதிய சிக்கல் எழுந்தது. பிரித்தானியர் பயன்படுத்திய கார்டைட் மருந்து வெப்பம் கூடக்கூட அதிக அழுத்தத்தைத் தரும். இங்கிலாந்தின் குளிரில் சோதித்த தோட்டா, இந்தியச் சமவெளியின் கோடைவெயிலில் குழலுக்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் போவதுண்டு. எதிரே காயம்பட்ட விலங்கு நிற்கும்போது தோட்டாக் கூடு சிக்கினால் வேட்டைக்காரருக்கு இரண்டாம் வாய்ப்பு இருக்காது. இந்தக் குறையைக் களைய டபிள்யூ. ஜே. ஜெஃப்ரி நிறுவனம் 1902-இல் குட்டைக் கழுத்தும் தடித்த விளிம்பும் கொண்ட 3 அங்குலத் தோட்டாவை அறிமுகப்படுத்தியது. வெப்பநாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்த தனித் தோட்டாக்களும் விற்பனைக்கு வந்தன. வெயிலில் பட்ட அனுபவம் இலண்டன் பட்டறையின் அளவுகோலை மாற்றிய நிகழ்வு இது.

சட்டமும் துப்பாக்கியின் பெயரைத் தீர்மானித்தது. அரசுப் படைகளின் பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிள்களுக்குரிய தோட்டா கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தால், 1907 வாக்கில் இந்தியாவில் .450 அளவுக்குத் தடை வந்தது. அதுவரை பெரு விலங்கு வேட்டைக்குச் சிறந்தது என்று கருதப்பட்ட அளவு அது. தடைக்குப் பின் .465, .470 போன்ற புதிய அளவுகள் பிறந்தன. பழைய அளவைவிட அவை மேலானவை என்று பின்னாளில் வாதிட்டவர்கள் உண்டு. உண்மையில் அவற்றைப் பிறப்பித்தது ஒரு சுங்கத் தடை.

பெயர் மாற்றமும் நடந்தது. ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் உருவாக்கிய 7 மில்லிமீட்டர் தோட்டாவை, மவுசரின் பிரித்தானிய முகவராக இருந்த இலண்டன் ரிக்பி நிறுவனம் .275 ரிக்பி என்று பெயரிட்டு விற்றது. ரிக்பி ரைபிளின் இயக்கப் பகுதியும் மவுசருடையதே. சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907-இல் வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது இவ்வகை ரைபிள்தான். ரிக்பியின் பெயரை விரும்பி வாங்கியவர்கள் மவுசரின் வேலைப்பாட்டையும் சேர்த்தே வாங்கினார்கள். குழலின்மேல் பொறித்த பெயர் சில துப்பாக்கிகளில் செய்தவருடையது. சிலவற்றில் விற்றவருடையது மட்டும். இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் பெயரைப் படித்த பிறகு அழுத்தச் சோதனை முத்திரையையும், குழலின் உட்புறத்தையும், மூடும் பகுதியின் இறுக்கத்தையும் பார்த்தனர்.

கென்னத் ஆண்டர்சனும் .405 வின்செஸ்டரும்

சேலம் காடுகளோடு பிரிக்கமுடியாதபடி இணைந்த ரைபிள், எழுத்தாளரும் வேட்டைக்காரருமான கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் ஆகும். ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 - ஆகஸ்ட் 30, 1974) செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்தவர். அந்நகரின் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றினார். கன்னடமும் தமிழும் பேசுவார். 1950-களின் நடுவில் வெளிவந்த அவரது முதல் நூலிலேயே ஜவளகிரி முதலிய சேலம் மாவட்ட வடபகுதி இடங்கள் இடம்பெற்றன. அரசுப் பதிவுகளின்படி 1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் அவர் சுட்டார்.

அவர் பயன்படுத்திய வின்செஸ்டர் 1895 மாதிரியை வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளினால் பழைய கூடு வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே செல்லும். முந்தைய வின்செஸ்டர்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள நீள்குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இந்த மாதிரியில் அவை பெட்டி போன்ற அறையில் அடுக்கப்பட்டதால் வலிமையான தோட்டாக்களைப் பயன்படுத்த முடிந்தது. 1904-இல் வந்த .405 தோட்டா 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19 கிராம் எடையுள்ள குண்டை விநாடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் செலுத்தியது. 1909-இல் ஆப்பிரிக்கா சென்ற முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் சிங்க வேட்டைக்கு இதைப் பெரிதும் புகழ்ந்தார். அப்புகழே இந்த ரைபிளின் முதல் விளம்பரம். முதல் உலகப் போரில் ரஷ்யா ஏறத்தாழ 3 லட்சம் 1895 மாதிரி ரைபிள்களைத் தன் தோட்டா அளவுக்கு ஏற்ப வாங்கியது.

ஆனால் பெரு விலங்கு வேட்டையில் தேர்ந்தவர்கள் பலர் இந்த ரைபிளை முதலிடத்தில் வைக்கவில்லை. இலண்டன் இரட்டைக்குழல் ரைபிளே அவர்களுக்கு உயர்ந்தது. அதில் இரண்டு குழலுக்கும் தனித்தனி இயக்கம் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது சுடும். இரண்டாம் குண்டுக்குக் கை அசைக்கவே தேவையில்லை. அதன் விலை மட்டும் மாதச் சம்பளக்காரருக்கு எட்டாதது. .405 தோட்டாவின் குண்டு தட்டையானது, வேகத்தை விரைவில் இழப்பது, கட்டையின் வடிவத்தால் தோளில் கடுமையாக உதைப்பது என்ற குறைகளும் சொல்லப்பட்டன.

இக்குறைகள் உண்மையானவை. எனினும் ஆண்டர்சன் வேட்டையாடிய விதத்தைப் பார்த்தால் அவற்றுள் சில ஏன் அவரைப் பாதிக்கவில்லை என்பது விளங்கும். மூங்கில் புதரும் முள்ளும் அடர்ந்த சின்னாற்றுக் கரையிலோ, கொல்லப்பட்ட மாட்டுக்கு மேலே கட்டிய பரணிலோ, இரவில் கைவிளக்கு வெளிச்சத்திலோ அவர் சுட்ட தொலைவு மிகக் குறைவு. அங்கே நெடுந்தொலைவு வேகம் தேவைப்படவில்லை. கனமான குண்டும், விரைவான அடுத்த தோட்டாவும், இருட்டிலும் கை தானாகத் தேடிச் செல்லும் பழக்கமும் தேவைப்பட்டன. பல்லாண்டு ஒரே ரைபிளை வைத்திருந்ததால் மூன்றாவது தேவை தானாக நிறைவேறியது. அவருடைய விசுவாசத்தில் வின்செஸ்டர் என்ற பெயருக்கு ஒரு பங்கு உண்டு. பெரும்பங்கு அந்த ஒரு துப்பாக்கியோடு கொண்ட பழக்கத்துக்கு உரியது.

இதே சான்றை நீலகிரியின் திறந்த புல்வெளியில் வரையாடு தேடுபவர் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவார். ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தியவர். அவற்றுள் பெரும்பாலானவை சிறிய 7 மில்லிமீட்டர் ரைபிளால் வீழ்ந்தவை. இறந்த யானையின் மண்டையை அறுத்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தறிந்தவர் அவர். அந்தப் படிப்பு இல்லாமல் ரைபிளை மட்டும் பின்பற்றுவது தற்கொலைக்கு ஒப்பானது. அனுபவசாலி பரிந்துரைக்கும் கருவிக்குள் அவருடைய நிலமும் பயிற்சியும் சேர்ந்தே இருக்கின்றன.

பைராவின் பாடம்

ஆண்டர்சனின் நூல்களில் அவருக்குக் காட்டைக் கற்பித்தவராக வருபவர் பூசாரி இனத்தைச் சேர்ந்த பைரா. சின்னாற்றங்கரையில் வாழ்ந்தவர். பென்னாகரத்தைச் சேர்ந்த ரங்காவும் அவருடன் பல கதைகளில் வருகிறார். இருவரும் வேட்டைச் சட்டங்களைப் பொருட்படுத்தாத திருட்டு வேட்டைக்காரர்களாகவே ஆண்டர்சனுக்கு அறிமுகமானவர்கள். அவர்களிடம் விலையுயர்ந்த ரைபிள் கிடையாது.

ஆயினும் வேட்டையின் முடிவைத் தீர்மானித்த அறிவு பெரும்பாலும் அவர்களுடையது. காலடித் தடத்தின் விளிம்பு உலர்ந்திருக்கிறதா, புல் நிமிர்ந்துவிட்டதா, மயிலும் கருங்குரங்கும் எந்தத் திசை பார்த்துக் கத்துகின்றன, புலி எந்தப் பாறைச்சந்து வழியே நீருக்கு வரும் என்பவற்றை அவர்கள் படித்தார்கள். இவ்வறிவு துப்பாக்கியின் தரத்தோடு நேரடித் தொடர்புடையது. விலங்கைப் பத்து கஜத்துக்குள் கொண்டுவரத் தெரிந்தவருக்கு எளிய ரைபிளே போதும். தெரியாதவர் வாங்கும் நெடுந்தொலைவு ரைபிள் அந்த அறியாமைக்குக் கொடுக்கும் விலை.

ரைபிள் பற்றிய பழைய நூல்களில் பெரும்பாலும் உரிமம் பெற்றவர்களின் குரலே கேட்கிறது. தடம் பார்த்தவர்கள், பரண் கட்டியவர்கள், காயம்பட்ட விலங்கின் பின்னே ஆயுதமின்றிச் சென்றவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எந்தத் துப்பாக்கி சுடத் தவறியது, யாருடைய கை நடுங்கியது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். ஆண்டர்சனின் நூல்களுக்கு உள்ள தனி மதிப்பு, அத்தகைய இருவரைப் பெயரோடு பதிவு செய்ததாகும்.

காயம்பட்ட விலங்கு

தரமற்ற துப்பாக்கியின் விளைவு வேட்டைக்காரரோடு முடிவதில்லை. சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதைச் சுட்ட பின் பரிசோதித்த கார்பெட், வலப்பக்க மேல், கீழ்க் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்ததைக் கண்டார். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதே அதை மனிதர்மீது திருப்பியது என்பது அவரது முடிவு. தென்னிந்தியாவில் ஆண்டர்சனும் இதே கருத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார். பொறுப்பற்றுச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் திரும்பிய வேட்டைக்காரர்களை அவர் கடுமையாகக் குறைகூறினார்.

இக்குற்றத்தில் நாட்டுத் துப்பாக்கிக்கும் விலையுயர்ந்த ரைபிளுக்கும் சம பங்கு உண்டு. முன்னதில் ஆற்றல் போதாமல் விலங்கு காயத்தோடு தப்பியது. பின்னதில் பெயர் தந்த துணிச்சலால் தொலைவிலிருந்தும், மங்கிய வெளிச்சத்திலும் சுட்டார்கள். சுட்டவர் ரயிலேறி ஊர் திரும்பிவிடுவார். காயம்பட்ட விலங்கு அதே காட்டில், மாடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் நடக்கும் பாதையருகே படுத்திருக்கும்.

ஒரே பெயர், வேறு தரம்

நிறுவனப் பெயர்மீது வைக்கும் விசுவாசத்தின் எல்லையை வின்செஸ்டரின் பிற்கால வரலாறே காட்டுகிறது. 1866-இல் தொடங்கிய அந்நிறுவனம் 1931-இல் நொடித்து வேறு உரிமையாளரிடம் சென்றது. அதன் புகழ்பெற்ற 70 மாதிரி ரைபிளின் தயாரிப்புமுறை 1964-இல் செலவைக் குறைப்பதற்காக மாற்றப்பட்டது. பெயரும் மாதிரி எண்ணும் அப்படியே இருந்தன. தோட்டாவைப் பற்றும் முறையும் மரக்கட்டையின் வேலைப்பாடும் மாறியதைப் பழைய பயனாளர்கள் உடனே உணர்ந்தனர். அன்று முதல் '1964-க்கு முந்தையது' என்பது துப்பாக்கி வாங்குவோரிடையே தனியொரு தர அடையாளமாகவே நிலைத்தது. பெயரை மட்டும் நம்பியவர்களுக்கு மாற்றம் தெரியவில்லை. பழைய துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டிப் பழகியவர்களுக்குத் தெரிந்தது.

சுதந்திரத்துக்குப் பின்

ராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்ததால், .315 அளவு ரைபிளே இந்தியாவில் பரவலானது. அதன் தோட்டா ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கரிலிருந்து வந்தது. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் அதைப் பரப்பியது. பின்னர் வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இவ்வகை ரைபிள்களைச் செய்தது. காவிரிக்கு அக்கரையில், திருச்சிராப்பள்ளியில், 1966-இல் ஒன்றிய அரசின் படைக்கலத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 2021 அக்டோபர் முதல் அது அரசு நிறுவனமான அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியாவின் கீழ் இயங்குகிறது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்காலத்தை முடித்துவைத்தது. 1980-களின் நடுப்பகுதியில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதியும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. இதனால் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு அவற்றின் நிலையைப் பொருட்படுத்தாத அளவுக்கு மதிப்பு கூடியது. கிடைப்பதற்கு அரியது என்பதே தரம் என்று எண்ணப்பட்டது. பல ஆண்டு ஈரத்தில் கிடந்து உட்குழல் அரித்த துப்பாக்கியும் இங்கிலாந்துப் பெயரால் நல்ல விலைக்குப் போனது.

இன்று ரைபிளின் தரம் பேசப்படும் இடம் குறிசுடும் விளையாட்டுக் களம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் அனுபவம் இங்கு பொருந்தும். இறுதிச்சுற்றுக்குச் சற்று முன் சரிபார்ப்பதற்காக அவர் சுட்டபோது குண்டு 4 புள்ளி வளையத்தில் விழுந்தது. குறிமுனை இடம்மாறியிருந்ததை உணர்ந்து அவர் உடனே திருத்திக்கொண்டார். கடைசிக் குண்டில் 10.8 பெற்று வென்றார். உலகின் சிறந்த ரைபிளாயினும் அந்த நேரத்தில், அந்த இடத்தில் சோதித்துப் பார்த்தால்தான் நம்பலாம் என்பதற்கு இது தெளிவான சான்று.

அனுபவசாலிகளிடம் கேட்டறிதல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து அனுபவசாலியின் சொல்லை எடைபோடும் வழி ஒன்று புலப்படுகிறது. எது சிறந்தது என்று மட்டும் கேட்டால் பெயரே பதிலாக வரும். எந்த நிலத்தில், எவ்வளவு தொலைவில், எந்தப் பருவத்தில், எத்தனை ஆண்டு பயன்படுத்தினார் என்று கேட்டால் அறிவு பதிலாக வரும். அவருடைய துப்பாக்கி எப்போது கைவிட்டது என்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி. தன் கருவியின் குறையைச் சொல்லத் தெரிந்தவரே அதை உண்மையில் அறிந்தவர். உடனிருந்து பார்த்தவரிடமும் கேட்க வேண்டும். கருவிக்கு விலை கொடுக்காததால் அதைப் புகழ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இந்த வழி இச்சமவெளிக்குப் புதிதன்று. லாரிக்கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லிலும், ஆழ்துளைக்கிணறு இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோட்டிலும் வண்டி வாங்குபவர் விற்பனையாளரின் பேச்சோடு நிற்பதில்லை. அதே வண்டியில் மலைச்சாலை ஏறிய ஓட்டுநரையும், அதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்கையும் தேடிச் செல்வார். கஞ்சமலை எஃகுக் கட்டியைப் புரட்டிப் பார்த்த கொல்லரும் அதையே செய்தார். வின்செஸ்டரின் பெயர் அமெரிக்காவில் உருவானது. அது சேலம் காட்டுக்கு ஏற்றதா என்ற கேள்விக்கான விடை சின்னாற்றங்கரையில், பைராவின் பின்னே நடந்தபோது கிடைத்தது.